இரண்டு கேன் பெற்றோலும் ஒரு தறப்பாள் பாயும்

போன மாதம், நான் வேலை பார்த்த பிரதேச செயலகத்திலிருந்து ஒரு புதிய உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்தார். எரிபொருள் விலை ஏறப்போகிறது என்ற கதை திரும்பவும் அடிபடுகிறதாம். கிராமங்களில் முன்கூட்டியே கூட்டம் வைத்துக் கதைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்திருக்கிறதாம். "மிஸ், எண்ணெய் இல்லாத வருசம் நீங்கள் இலங்கைத்துறையில வைச்ச கூட்டங்களைப் பற்றி இஞ்ச எல்லாரும் சொல்லுகினம். சனத்திட்ட என்னெண்டு கேட்டனீங்கள்?" என்றார்.

தொலைபேசியில் நான் சொன்னது கொஞ்சம்தான். எண்ணெய் திரும்பி வந்ததும் கூட்டத்துக்கு வந்த ஆட்கள் குறைந்து, கடைசியில் நானும் ஐந்தாறு பேரும்தான் மிஞ்சினோம் என்பதையும் சொன்னேன். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. கூட்டத்தில் நாங்கள் என்ன கேட்டோம் என்பதைவிட, கேட்ட பிறகு அந்தச் சனம் என்ன செய்தது என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அதை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

கிராம அபிவிருத்தி வேலைக்கு நான் வந்தது சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில். பயிற்சியில் படித்தது ஒன்று, பிறகு செய்தது வேறு. முகாம்களில் வேலை, சுனாமியில் கடல் வந்து அடித்த பிறகு கரையோரத்தில் வேலை, சனம் திரும்பிவந்து குடியேறியபோது அவர்களோடு வேலை என்று வருடங்கள் ஓடின. அத்தனை வருடமும் நான் வைத்த கூட்டங்கள் ஏதாவது கொடுப்பதற்கான கூட்டங்கள்தான். தகரம், கோழிக்குஞ்சு, தையல் மெஷின். கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமே இல்லாமல் கூட்டம் வைத்தது ஓய்வுபெறுவதற்குச் சற்று முந்திய அந்த வருடம்தான்.

என் வீடு திருகோணமலை நகரில், உவர்மலையில். மாடியில் நின்றால் துறைமுகத்துக்கு அப்பால் சீனக்குடாப் பக்கம் எண்ணெய் சேமித்து வைக்கும் குதங்கள் தெரியும். குதங்கள் அங்கே நிற்க, நாங்கள் பஸ்ஸுக்கு வழியில்லாமல் நின்றோம். வீட்டிலிருந்து போய்வர ஏலாமல், கிழமை நாட்களில் செயலகம் இருந்த ஈச்சிலம்பற்றிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினேன். அலுவலக ஜீப் ஓடவில்லை. என் மேலதிகாரியும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் கிராமங்களுக்குப் போனோம்.

அவர் பெயர் கனகசபை. உதவிப் பணிப்பாளர். தம்பலகாமத்து ஆள், சொந்தமாக வயல் வைத்திருந்தவர். நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். எந்தக் கூட்டத்திலும் முன்னுக்குப் போட்ட கதிரையில் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. சனத்துக்குள் ஓர் இடம் பார்த்து, சட்டைப்பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்து மணலில் விரித்து, அதன் மேல் கவனமாக இருப்பார். அதிகம் கதைக்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் நித்திரை என்று நினைப்பார்கள். யாராவது எழும்பி, "அரசாங்கம் எங்களுக்கு மண்ணெண்ணெய் தரத்தான் வேணும்" என்று சத்தம் போட்டால் கண்ணைத் திறந்து, "ஓம், தரத்தான் வேணும்" என்பார். கொஞ்ச நேரம் விட்டு, "தராட்டி?" என்று கேட்பார். பகிடியாகக் கேட்கமாட்டார். வழி தெரியாத ஆள் சந்தியில் நின்று வழி கேட்கிற மாதிரிக் கேட்பார். அதனால் யாருக்கும் கோபம் வந்ததில்லை.

ஒரு முறை கூட்ட முடிவில் நான் எழும்பி, இன்று தீர்மானித்தவை இவை என்று தொகுத்துச் சொன்னேன். திரும்பி வரும் வழியில் சைக்கிளை மெதுவாக்கிச் சொன்னார். "முடிவை நாங்கள் வாயால சொல்லக்கூடாது மிஸ். சொன்னா அது எங்கட முடிவாப் போயிடும். பிறகு அது நடக்காட்டி அவையள் எங்களிட்டக் கேப்பினம்."

இலங்கைத்துறை என்ற மீனவக் கிராமத்தில் முதற்கூட்டம் படுத்துவிட்டது. எண்ணெய் மலிவாகக் கிடைக்காத காலத்துக்கு நாங்கள் எப்படி ஆயத்தமாகலாம் என்று, பயிற்சியில் படித்த மாதிரியே கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர், "மண்ணெண்ணெய் எப்ப வரும் மிஸ்?" என்று கேட்டார். அதோடு கூட்டம் முடிந்தது.

அடுத்த முறை கேள்வியை மாற்றினேன். பால்மா வந்த வெறும் தகர ரின்கள் சிலவற்றை மணலில் வரிசையாக வைத்தேன். ஒன்று கடலுக்கு, ஒன்று ஐஸ் எடுக்கப் போவதற்கு, ஒன்று சந்தைக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று கோயில் குளம் உறவு வீடுகளுக்கு. எல்லோர் கையிலும் கொஞ்சம் சிப்பியைக் கொடுத்து, "போன கிழமை உங்கட வீட்டு எண்ணெய் எங்க போச்சுதோ அந்த ரின்னில போடுங்கோ" என்றேன். விளையாட்டு மாதிரி இருந்ததால் எல்லோரும் எழும்பி வந்து போட்டார்கள். சரோஜா என்ற பெண் மட்டும் சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மீன் கருவாடு போட்டு விற்பவள், நாற்பது வயது இருக்கும், சொல் எப்போதும் கூர்மையாக வரும்.

"ஏன் போடேல்ல?" என்று கேட்டேன்.

"எண்ணெய் எடுக்கப்போன எண்ணெயை எதில போடுறது மிஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னொரு ரின் வைத்தேன். வரிசையில் நிற்க மூதூருக்கும் வேறு ஊர்களுக்கும் ஓடியது, வரவில்லை என்று திரும்பியது, வந்ததாம் என்று மறுபடி ஓடியது. ஆட்கள் முதலில் போட்ட சிப்பியைத் திரும்ப எடுத்து அந்தப் புது ரின்னில் போட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கவே அது கடல் ரின்னோடு போட்டி போட்டு நிரம்பியது. சிரிப்பு நின்றுவிட்டது. தங்கள் கையாலேயே போட்டதைத் தாங்களே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கும் அது தெரியாத விசயம்தான். சேர் எழும்பி வந்து அந்த ரின்னைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்தார்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் ஊருக்குப் பொதுவாக ஒரு முச்சக்கரவண்டி போய் எல்லோருக்கும் எடுத்துவருவது என்று அவர்களாகவே ஏற்பாடு செய்தார்கள். சேர் அதற்கு அனுமதி எடுத்துக் கொடுத்தார். எடுத்துவந்ததில் இரண்டு கேன் பெற்றோலை யாருக்கும் கொடுக்காமல் மீனவர் சங்கக் கட்டிடத்தில் பூட்டி வைப்பது என்றும் முடிவாயிற்று. படகு இயந்திரம் வழக்கமாக மண்ணெண்ணெயில் ஓடினாலும் பெற்றோலிலும் ஓடும். முச்சக்கரவண்டிக்குப் பெற்றோல் மட்டும்தான். ஆகவே கடலிலும் தரையிலும் அவசரத்துக்கு உதவும் என்பது கணக்கு. பூட்டின் திறப்பு சங்கத் தலைவர் யோகனிடம் இருந்தது. பெரிய உடம்பும் பெரிய குரலுமான ஆள். இறுக்கமானவர். அவர் கையில் இருந்தால் பத்திரம் என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

ஆனால் அவசரம் என்றால் எது? அதைத் தீர்மானிக்க வைத்த கூட்டம்தான் என் வேலைக்காலத்தில் நான் மிகவும் ரசித்த கூட்டம். பிள்ளைப்பேறு என்றார்கள், மறுபேச்சு இல்லை. பாம்பு கடித்தால், ஓம். கடலில் ஆள் காணாமற்போனால், ஓம். செத்தவீட்டுக்குப் போவதற்கு? நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. "செத்தவருக்கு என்ன அவசரம்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டதும் அது விழுந்தது. குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் விழுந்தவனுக்கு? ஆண்கள் முடிவு சொல்லாமல் இழுபட்டார்கள். சரோஜா எழும்பினாள்.

"தானாத் தேடிக்கொண்டதுக்கு ஊர் எண்ணெய் இல்லை. அப்பிடி எண்டா ஒரு கிழமையில முடிஞ்சிடும்."

பெண்கள் எல்லோரும் அவள் பக்கம். யோகனும், "அதுதான் சரி" என்றார். அப்படியே நின்றது.

சரோஜாவின் கணவர் நாகராசா. மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். கண்ணாடியிழைப் படகு ஒன்று வைத்திருந்தார். இயந்திரம் ஓட வழியில்லாததால், மழைக்குக் கூரையில் போடுகிற நீலத் தறப்பாளை வெட்டிப் பாய் தைத்து, படகுக்கு மேலே கட்டத் தொடங்கினார். பாயில் ஓடிய அனுபவம் அவருக்கோ அவரின் தகப்பனுக்கோ இல்லை. கைத்தொலைபேசியில் படங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். இயந்திரத்துக்கென்று செய்த படகின் அடி தட்டை. காற்று பட்டால் முன்னுக்குப் போகாமல் பக்கவாட்டில் வழுக்கியது. அதற்கு ஒரு கதவுப் பலகையைக் கழற்றிப் படகின் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்கும்படி கட்டினார். வழுக்குவது குறைந்தது. ஊரையொட்டிய களப்பின் அமைதியான தண்ணீருக்குள் அவர் ஓடிப் பார்ப்பதை நான் இரண்டொரு தடவை கரையிலிருந்து பார்த்தேன். யோகன் பக்கத்தில் நின்று, "நாகராசா, வீட்டுக் கதவு இல்லாம மனிசி எங்க நித்திரை கொள்ளுறது?" என்று கத்துவார். நாகராசா திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

களப்பில் ஓடுவது வேறு, கடல் வேறு என்று கூட்டத்தில் அவருக்குச் சொன்னார்கள். அது கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற காலம். எங்கள் பக்கத்தில் கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். பொறுத்துச் செய்யச் சொன்னார்கள். அவர் தலையாட்டினார்.

ஒரு நாள் காலை சேரும் நானும் வேறு ஓர் அலுவலாக இலங்கைத்துறைக்குப் போனோம். சங்கக் கட்டிடத்துக்கு முன்னால் ஊர் திரண்டு நின்றது. நாகராசா விடியப்புறம் யாருக்கும் சொல்லாமல் பாயை விரித்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார். வெயில் ஏறுவதற்குள் வந்திருக்க வேண்டும். கச்சான் வலுத்துவிட்டது. களப்பு கடலில் சேரும் முகத்துவாரத்துப் பாறையில் ஏறிப் பார்த்தவர்கள், பாய் விழுந்து கிடப்பதையும் படகு வெளியே இழுபட்டுப் போவதையும் கண்டார்கள். பிறகு அதுவும் தெரியவில்லை. கடற்படைக்குச் சொல்லியாயிற்று. ஆனால் திருகோணமலையிலிருந்து வர நேரம் எடுக்கும். ஊரில் எந்தப் படகிலும் ஓடுவதற்கு எண்ணெய் இல்லை, பூட்டி வைத்த அந்த இரண்டு கேனைத் தவிர.

யோகன் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கதவைத் திறக்கவில்லை. எல்லோர் மனதிலும் சரோஜா அன்றைக்குச் சொன்ன சொல் இருந்தது. சனம் விலகி நின்ற இடத்தில் சரோஜா தனியாக நின்றாள். கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். நாகராசா எடுக்க மறந்துவிட்டுப் போனது.

"நான் எண்ணெய் கேட்டு வரேல்ல. நான் சொன்ன சொல்லு எனக்கும்தான்" என்றாள்.

யோகன் அவளைப் பார்க்காமல் சேரைப் பார்த்தார். "சேர், கடல்ல காணாமப் போனா எண்டும் சொன்னனாங்கள், தானாத் தேடிக்கொண்டது எண்டும் சொன்னனாங்கள். இது ரெண்டும்தான். என்ன செய்யிறது? வேற ஒரு விசயமும் இருக்கு. என்ர மகள் நிறைமாசம். இண்டைக்கோ நாளைக்கோ தெரியாது. நான் திறந்தாலும் கதை, திறக்காட்டியும் கதை."

அப்போதுதான் எனக்கு அவருடைய நிலை விளங்கியது. அவர் மகள் கௌரி தலைப்பிள்ளைக்கு இருந்தாள். அம்புலன்ஸ் எப்போது வரும் என்று சொல்ல ஏலாத நாட்கள் அவை. அந்த இரண்டு கேனும் அவளுக்குத்தான் தேவைப்படும் என்று ஊரே நினைத்திருந்தது.

"அப்ப கௌரியைக் கூப்பிட்டுக் கேப்பம்" என்றார் ஒருவர்.

"வேண்டாம்" என்றார் சேர். அவர் ஒன்றை மறுத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார். "இவ்வளவு பேருக்கு நடுவில கேட்டா அந்தப் பிள்ளை ஓம் எண்டுதான் சொல்லும். ஏலாது எண்டு சொல்லக்கூடிய இடத்தில கேக்கவேணும். நீங்கள் தனியப் போங்கோ. ஏலாது எண்டு சொன்னா, கேக்கவேயில்லை எண்டு வையுங்கோ. குடுக்கக்கூடாது எண்டு நான் தீர்மானிச்சதாச் சொல்லுறன்."

நான் போனபோது கௌரி குசினி வாசலில் காலை நீட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. விசயத்தைச் சொன்னேன். ஏலாது என்றால் ஒருவருக்கும் தெரியவராது என்றும் சொன்னேன். அவள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

"ஒரு கேனில ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்வரும்தானே?"

"போய்வரும்."

"ஒரு கேனில போட் எவ்வளவு தூரம் போகும்?"

"தேடிப் போகப் போதும். கச்சானை எதிர்த்துத் திரும்பிவரக் காணாது எண்டு நினைக்கிறன்."

"அப்ப ஒண்டை வைச்சிட்டு ஒண்டைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ. ஆனா அப்பாதான் போகவேணும். அப்பா எண்டாத்தான் துளித்துளியாப் பாத்து எரிப்பார்."

அவள் எங்களை விட்டுக்கொடுக்காமலும் தன்னை விட்டுக்கொடுக்காமலும் சொன்ன அந்தப் பதிலை நான் சைக்கிளில் திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். சங்கத்தடியில் சொன்னதும் யோகன் ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு கதவைத் திறந்தார். ஒரு கேனை எடுத்து, மற்றதை உள்ளே விட்டுப் பூட்டி, திறப்பைச் சரோஜாவின் கையில் கொடுத்தார்.

"நான் வரும்வரைக்கும் நீ வைச்சிரு."

நல்ல துடுப்பு ஒன்று, கயிறு, குடிதண்ணீர், துணைக்கு ஓர் ஆள். புறப்பட்டுவிட்டார்கள்.

பகல் முழுக்க நான் சரோஜாவோடு கரையில் ஒரு படகு நிழலில் இருந்தேன். ஒரு கையில் போத்தல், மறு கையில் திறப்பு. இரண்டையும் அவள் கீழே வைக்கவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு கேட்டாள்.

"மிஸ், அண்டைக்கு நான் சொன்னது பிழையோ?"

"தெரியாது சரோஜா" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்னது நியாயம் என்று அன்றைக்கு நானும் நினைத்தேன். அந்தக் கரையில் இருந்தபோதும் அது நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சேர் எங்களுக்கு எட்டத்தில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் கைலேஞ்சி விரிக்கவும் இல்லை, இருக்கவும் இல்லை. பின்னேரம் கச்சான் மெல்ல அடங்கியது. மரங்களின் ஓலை அசையாமல் நின்றது. பிறகு முகத்தில் ஈரக்காற்று பட்டது. கடலிலிருந்து வருகிற காற்று. இளந்தாரிகள் திரும்பவும் பாறைக்கு ஓடினார்கள். பொழுது சாயத் தொடங்கியபோது மேலேயிருந்து ஒருவன் கையைக் காட்டினான். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையில் இல்லை, தெற்கே வெருகல் பக்கம். நீலமாக ஒரு புள்ளி.

கிட்ட வர வர இரண்டு படகு தெரிந்தது. முன்னால் தறப்பாள் பாயோடு நாகராசாவின் படகு. அதிலிருந்து கயிறு கட்டி, பின்னால் யோகனின் படகு. இயந்திரம் ஓடவில்லை. தேடப் போன படகைத் தொலைந்த படகு இழுத்துக்கொண்டு வந்தது.

நடந்ததை யோகன்தான் சொன்னார். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, காற்று தன்னை எங்கே கொண்டுபோகிறது என்று பார்த்திருக்கிறார். தன்னை எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் அவனையும் தள்ளியிருக்கும் என்பது அவருடைய யோசனை. காற்றோடு போய், இடைக்கிடை மட்டும் இயந்திரத்தைப் போட்டுக் குறுக்கே தேடியிருக்கிறார். கண்டபோது நாகராசாவின் பாய்மரம் அடியோடு முறிந்து கிடந்தது. பாய்க்கு ஒன்றும் இல்லை. மூன்று பேருமாகத் துடுப்பை முறிந்த மரத்தோடு சேர்த்துக் கட்டி, கடற்காற்று எழும்பும்வரை காத்திருந்தார்கள். "எண்ணெயைப் போட்டு வந்திருந்தா பாதி வழியில நிண்டிருப்பம்" என்றார் யோகன். கேனை ஆட்டிக் காட்டினார். அடியில் இன்னும் சத்தம் கேட்டது.

சரோஜா ஓடிப்போகவில்லை. தண்ணீருக்குள் முழங்கால் மட்டும் இறங்கி நின்று போத்தலைக் கணவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். அவள் ஒன்றும் ஏசவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது என்று பிறகு எனக்குச் சொன்னார்.

சில நாள் கழித்துக் கௌரிக்கு வலி வந்தது. மற்றக் கேனில் ஆட்டோ ஓடியது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

அதற்கடுத்த கூட்டத்தில் மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவசரம் என்றால் எது என்பதைத்தான் மறுபடி எடுத்தார்கள். தானாகத் தேடிக்கொண்டதற்கு இல்லை என்பதை எடுத்துவிடுவோம் என்று யோகனே சொன்னார். சரோஜா ஒத்துக்கொள்ளவில்லை.

"அது இருக்கட்டும். ஆனா பழகிப் பாக்கப் போறவைக்கு வேற சட்டம் வேணும். தனியப் போகக்கூடாது. சொல்லாமப் போகக்கூடாது. சொல்லிட்டு, துணையோட போனா ஊர் தேடும்."

"துணைக்கு ஆர் போறது?" என்று ஒருவர் கேட்டார். "வேலையை விட்டிட்டு இவரோட கடல்ல போய்க் காத்துப் பாக்க ஆருக்கு நேரம்?"

"நான் போறன்" என்றாள்.

அந்த ஊரில் பெண்கள் களப்பில் இறால் பிடிப்பார்கள். கடலுக்குப் போவதில்லை. நாகராசா மணலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். சேர் கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது மறுத்துச் சொல்வார்கள் என்று அவர் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் காற்று இதமாக இருந்த ஒரு பின்னேரம் அவர்கள் புறப்பட்டார்கள். ஊர் முழுக்கக் கரையில். நானும் போய் நின்றேன். சரோஜா படகில் ஏறி இருந்துகொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்களும் வாருங்கோவன் மிஸ்." இத்தனை வருடம் மீனவக் கிராமங்களில் வேலை செய்தும் நான் மீன்பிடிப் படகில் கடலுக்குப் போனதில்லை. சேரைத் திரும்பிப் பார்த்தேன். "எனக்கு நீந்தத் தெரியாது, இல்லாட்டி நான் போயிருப்பன்" என்றார். செருப்பைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன்.

பாய் காற்றைப் பிடித்ததும் படகு ஒரு பக்கம் சரிந்தது. நான் சரோஜாவின் கையைப் பிடித்தேன். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்தது. கதவுப் பலகையில் தண்ணீர் உரசுகிற சத்தம் மட்டும். அந்த அமைதிக்குள், நாங்கள் இவ்வளவு தூரம் வந்த பிறகும், கரையில் நிற்கிறவர்கள் கதைப்பது தண்ணீருக்கு மேலால் தெளிவாகக் கேட்டது. இயந்திரம் ஓடுகிற படகில் இருப்பவருக்கு இது ஒருநாளும் கேட்டிருக்காது.

யோகனின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே. அவர் அந்த நாள் கதையைப் புதிதாக வந்த யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அலை பனைமரம் உயரம் எழும்பியது. நாகராசா அழுதுகொண்டிருந்தாராம். பாயை எப்படிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுத்ததே தானாம்.

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாகராசா பாய்க்கயிற்றை ஒரு பிடி தளர்த்தினார். படகு இன்னும் மெதுவாகியது.

"பேசாம இருந்து கேளுங்கோ" என்றார் தணிந்த குரலில். "கரைக்குப் போனாப் பிறகு எங்களுக்கு ஒண்டும் தெரியாது."